மாப்பிள்ளையின் இடதுகால் ஷூ

எங்கள் பெரியத்தா, அதாவது என் அத்தாவின் அண்ணன், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ஆட்டுத்தோல் தரம் பிரிப்பவர். அய்யலூர்ச் சந்தையில் விற்ற ஆடுகளில் பாதி, கடைசியில் அவர் கட்டைவிரலுக்குக் கீழே வந்துதான் சேரும். அந்தத் தொழில் புத்தி வீட்டிலும் விடாது. வெங்காயத்தைக்கூட உருட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார். மனிதர்களை அப்படி உருட்டிப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை.

ஆகவே அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையும் நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வர வேண்டும்? முன்னால் வந்த இரண்டு பேரை அப்படித்தான் கழித்துக்கட்டினார். ஒருவருடையது தோலே இல்லை, ரெக்சின். இன்னொருவருடையது இரவல், முன்பக்கம் காகிதம் திணித்திருந்தது. இந்த இடமும் தட்டிப்போய்விடுமோ என்று அம்மா காலையிலிருந்தே கலங்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியத்தா என்னைக் கையசைத்து வாசலுக்கு அழைத்தார்.

“குடைய விரிச்சு மறைச்சு நில்லு புள்ள. யாராச்சும் கேட்டா, வெயில்ல தோல் சுருங்கிப்போகும்னு சொல்லு.”

கறுப்பு ஷூ. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. அதுவே அவருக்குச் சந்தேகம். இடதுகால் ஷூவை எடுத்து, மோந்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பாலிஷுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு மெல்ல வாய் திறந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

வந்தவர்கள் ஆட்டோ ஏறியதும் ஆரம்பித்தார்.

“வெட்டுப்பட்டத ஒட்டி மறைச்சிருக்கான். குடிச்சிட்டு எங்கயாச்சும் விழுந்திருப்பான், இல்லேன்னா அடிதடி. ஷூவையே இம்புட்டுச் சுத்தமா மறைக்கிறவன் இன்னும் எதையெல்லாம் மறைப்பானோ! இந்த இடம் வேணாம்.”

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாத அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது உள்ளறையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“குடியும் இல்ல, அடிதடியும் இல்ல பெரியத்தா. பஸ் படிக்கட்டுத் தகரம் கிழிச்சிருச்சு. இதுக்குப் போயி புதுசு வாங்கணுமான்னு, பசை வச்சு ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கறுப்பு மெழுகு தடவி அவுகளே சரிபண்ணினாக.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியத்தா அக்காவைப் பார்த்தார், பிறகு அத்தாவைப் பார்த்தார். செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “வர்ற மாசமே நிக்காஹ் வச்சிருவோம். தள்ளிப்போட வேணாம்” என்றார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. வாசல் பக்கமே வராத என் அக்கா, தொட்டுக்கூடப் பார்க்காத ஷூவைப் பற்றிப் பெரியத்தாவுக்கே பாடம் எடுத்துவிட்டாளே! தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். தோல் விஷயத்தில் பெரியத்தா தோற்றது ஊருக்குத் தெரிந்தால் அவருக்கு அவமானம், அதனால்தான் பொத்துகிறாள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.