கோட் போட்டுக்கொண்டு உதவி கேட்ட நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம், லண்டன் எட்மண்டனில் உள்ள எங்கள் வாடகை வீட்டில், சமையல் செய்யும் குசினியில் நடந்தது இது.

என் மகளுக்கு அமெரிக்காவில் வானியல் படிக்க ஆசை. அங்கே சில கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பண உதவி செய்யும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். நவம்பரிலேயே விண்ணப்பித்தால் கிறிஸ்மஸுக்கு முன் முடிவு வந்துவிடும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்படி இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தோம்.

பாயசம் குடித்த பிறகுதான் மகள் இரண்டு கல்லூரிகளும் தருவதாகச் சொன்ன உதவியை ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரி சொன்ன தொகைதான் பார்வைக்குப் பெரிது. ஆனால் அதில் பாதி கடன். அந்த உதவி போக நாங்கள் வருடாவருடம் கட்டவேண்டியது என் சம்பளத்தையே விழுங்கிவிடும். மற்றக் கல்லூரியில் கடனே இல்லை, செலவும் மிகக் குறைவு. ஆனால் அங்கே வானியல் இல்லை.

"பரவாயில்லையப்பா, நான் பிசிக்ஸ் படிக்கிறன்" என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள், உதவி குறைந்த காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். முன்பு நான் வாரநாட்களில் ஒரு கிடங்கிலும் சனி, ஞாயிறுகளில் ஒரு பெற்றோல் நிலையத்திலும் வேலை செய்தேன். கல்லூரி பார்த்தது அந்தக் காலத்து வருமானத்தை. அதன்பிறகு முழங்காலில் ஒப்பரேசன் செய்து, ஒரே ஒரு வேலையோடு நிற்கிறேன். நிலைமை மாறியிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாமாம்.

கேட்பது என்றாலே எனக்குப் பயம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கடையில் மிச்சக்காசு குறைந்தால்கூட வாய் திறக்காமல் வந்துவிடுவேன். என்னோடு வேலை செய்யும், பாரிஸிலிருந்து வந்த நண்பர் வேறு பயமுறுத்தினார்: "அண்ணை, பேசாமல் இருங்கோ. கூடக் கேட்டால் தந்ததையும் பறிச்சுப் போடுவாங்கள்!"

ஆனால் அந்தச் சாத்திய கதவு என் கண்ணை விட்டுப் போகவில்லை. "கேள் பிள்ளை" என்றேன்.

கல்லூரியின் உதவிப் பிரிவு அதிகாரி வீடியோவில் பேச நாள் தந்தார். பெற்றோரும் இருக்கவேண்டுமாம். ஒருவரிடம் உதவி கேட்கப் போனாலும் நன்றாக உடுத்திக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். நான் கல்யாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். மனைவி பட்டுச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாக வந்து நின்றாள்.

மகள் தலையில் கை வைத்தாள். "அம்மா! காசில்லை எண்டு சொல்லப் போறம்!"

"அதுக்காக? பிச்சைக்காரர் மாதிரி இருக்கச் சொல்லுறியோ?"

நகை மட்டும் கழன்றது. சேலையும் கோட்டும் அப்படியே இருந்தன.

திரையில் வந்தவர் வயதான பெண்மணி. மகள் அழகாக விளக்கினாள். கேட்டு முடித்த அவர், "இதை உங்கள் அப்பாவே சொல்ல முடியுமா?" என்றார்.

எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் ஓடி ஒளிந்துவிட்டது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே காற்சட்டையைச் சுருட்டி, காலைத் தூக்கி, ஒப்பரேசன் தழும்பைக் கமராவுக்குக் காட்டினேன்.

"ஐயோ அப்பா! காலைக் கீழ விடுங்கோ!" என்று மகள் அலறினாள். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்ட வந்து பார்த்து, "இப்போதும் வலிக்கிறதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் என் பயம் கழன்று விழுந்தது. உடைந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு இரண்டு வேலை, இப்போது ஒன்று. வருடத்துக்கு இவ்வளவு என்னால் கட்ட ஏலும், அதைக் கட்டாயம் கட்டுவேன், அதற்கு மேல் ஏலாது என்று ஒரு தொகையையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் இப்போதைய சம்பளத் துண்டையும் அனுப்பச் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. மகள் படித்துவிட்டு என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். கடன் முழுவதும் போய்விட்டது. நாங்கள் கட்டவேண்டியது நான் சொன்ன அதே தொகை!

மனைவி உடனே நண்பருக்குப் போன் போட்டாள். "தம்பி, பறிக்கேல்லை! கூட்டித் தந்திருக்கினம்!" அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மகள் இப்போது அங்கே மூன்றாம் வருடம் வானியல் படிக்கிறாள். பிள்ளைகளுக்குக் கிடைத்த உதவி போதவில்லை என்று யாராவது கோயிலில் முணுமுணுத்தால், கூட்டத்தில் வாயே திறக்காத நான் இப்போது வலியப் போய், "திரும்பக் கேளுங்கோ" என்கிறேன். இல்லாததை இல்லை என்று தலை நிமிர்ந்து சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை என்பதை, ஐம்பது வயதுக்கு மேல் என் வீட்டுக் குசினியில் வைத்துத்தான் நான் படித்தேன்.