பூண்டுப் பரணில் டிரான்சிஸ்டர்

மதுரையிலிருந்து வந்தவர் எங்கள் ரேடியோ கடையில் செய்த முதல் காரியம், என் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றதுதான். வாங்கிக் கொடுத்த டீயைத் தொடவில்லை. நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "ஒரு வால்வு செட்டைச் சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? சீக்கிரம் ஆகும் என்றால் இந்த வேலைக்கு ஒரு ஆள் எதற்கு என்பார். நேரமாகும் என்றால் இந்த ஆள் எதற்கு என்பார். "அது செட்டோட குணத்தைப் பொறுத்தது சார்," என்றேன். அவர் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வீடு வரை சுமந்துபோய், இரவுச் சோற்றோடு பிசைந்து தின்றேன்.

அறுபதுகளில் கொடைக்கானல் கடைவீதியில் இருந்தது எங்கள் கடை. மேல்மலைக் கிராமங்களில் அப்போது கரண்ட் இல்லை. போளூர், கிளாவரைப் பக்கம் ரேடியோ என்றால் மரப்பெட்டிக்குள் வால்வு செட். அதற்கு உயிர் கொடுக்கப் பெரிய பேட்டரி ஒன்று. காய்கறி மூட்டையோடு அந்த பேட்டரியும் குதிரை மேல் ஏறிச் சந்தைக்கு வரும். பின்னறையில் நான் சார்ஜ் போட்டுத் திருப்பி அனுப்புவேன். மீதி நேரம் ரிப்பேர். இந்த இரண்டும்தான் என் பிழைப்பு.

டிரான்சிஸ்டர் வந்தது. டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டை போட்டாலே பாடியது. முதலாளி உடனே மதுரையிலிருந்து இந்த மேனேஜரைக் கூட்டிவந்துவிட்டார்.

"ஏலே, இனிமே இவரு சொல்றபடிதான் கடை. சார்ஜிங் ரூமை மூடப்போறோம். ரிப்பேர் பூராம் மதுரைக்குப் போயிரும்."

"அப்ப நான்?"

"அதையும் இவருதான் சொல்லுவாரு."

இவரோ எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பவரிடம் எனக்கு எப்போதுமே பயம். அவர் அலமாரியை அளந்தால் என் ஸ்டூலை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தால், என்னை எப்படிச் சொல்லி அனுப்பலாம் என்று யோசிப்பதாக நினைத்தேன். ஒரு நாள், "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போகச் சொல்வதற்குள் தயாராகிவிட வேண்டுமே! என் சொந்தக் காசில் வாங்கிய ஸ்க்ரூ டிரைவர், குறடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மடக்கிய குடைக்குள் போட்டு வீட்டுக்குக் கடத்த ஆரம்பித்தேன். என் சாமானை நானே திருடிக்கொண்டு போன விசித்திரம் அது. மனைவி பார்த்துவிட்டு, "வேலை போச்சா?" என்றாள். "இன்னும் இல்ல." "அப்புறம் எதுக்கு இந்த முழி முழிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் சட்டி இறக்க வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் பிடித்தபோது, போளூரில் விற்ற டிரான்சிஸ்டர் ஒன்று குதிரைக்காரர் கையில் திரும்பி வந்தது. "பாடலயாம்," என்று வைத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் உடம்பு ஒரு பக்கம் குழைந்து, வெயிலில் வைத்த வெல்லம் போலிருந்தது. அடுத்ததாகக் கிளாவரையிலிருந்து இன்னொன்று. அதற்கும் அதே கோலம்.

இரண்டையும் மேஜைமேல் வைத்து முழித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். குழைந்த இடத்தைத் தடவினார். பக்கத்தில் சூடாக இருந்த என் சால்டரிங் அயனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரோ சூடு வச்ச மாதிரி இருக்கே," என்றார்.

இவரே இதைச் செய்து என்மேல் போடுகிறாரோ? குதிரைக்காரரும் உடந்தையோ? போகிற போக்கில் அந்தக் குதிரையைக்கூடச் சந்தேகப்பட்டேன். அன்று சாயங்காலமே சால்டரிங் அயனும் குடைக்குள் இறங்கியிருக்கும். அதற்குள் இரண்டாவது செட்டுக்குச் சொந்தக்காரரான கிளாவரைப் பெரியவர் வந்துவிட்டார். சந்தையில் பூண்டு மூட்டையை இறக்கிய கையோடு நேரே கடைக்கு வந்தவர், குழைந்த டிரான்சிஸ்டரைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"என்னய்யா, மெழுகுல செஞ்சா விக்கிறீங்க?"

மேனேஜர் முன்னே வந்தார். "இத எங்க வச்சிருந்தீங்க?"

"எங்க வைப்பாங்க? அடுப்புக்கு மேல, புகையில பூண்டு காயப்போடுற பரண்லதான். பழைய பெட்டி பத்து மழைக்கு அங்கதான் கெடந்துச்சு. ஒரு கொறையும் சொல்லல."

"ரேடியோவ யாராச்சும் அடுப்புக்கு மேல வைப்பாங்களா?"

"மழைக்கு ஈரம் அண்டாம அங்க வைங்கன்னு இந்தக் கடையிலதானய்யா சொன்னீங்க!"

"யாரு சொன்னா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பெரியவரின் விரல் கல்லாப்பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது.

கல்லாவில் இருந்த முதலாளி கூரையைப் பார்த்தார். "அது மரப்பெட்டிக்குச் சொன்னது..."

"பெட்டிய மாத்துனவுக பேச்சயும் மாத்திச் சொல்லணும்ல?"

நான் டிரான்சிஸ்டரை எடுத்து முகர்ந்தேன். புகையும் பூண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியது. மேனேஜரும் வாங்கி முகர்ந்தார். முகம் சிவக்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இனிமே செட்டு விக்கிற வீட்டுக்கு ஒரு ஆள் கூடவே போய், எங்க வைக்கணும்னு காட்டிட்டு வரணும். நான் வந்தா கேப்பீங்களா?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கள ஆரு கண்டா? இந்தத் தம்பின்னா அடுப்பங்கரை வரைக்கும் விடுவோம். இவரு பேட்டரியிலதான எங்க ஊரே பாட்டுக் கேட்டுச்சு."

"அப்ப சரி, அது இவரு சோலி," என்றார் மேனேஜர். அவ்வளவு எளிதாகச் சொன்னார். சந்தோஷப்பட முடிந்ததா? என்னைக் கடையைவிட்டு நைசாகக் காட்டுக்கு அனுப்புகிறாரோ என்ற சந்தேகம் அந்த நிமிஷமே கிளம்பிவிட்டது.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் கடையிலிருந்து இறங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. நான் நனைந்துகொண்டே நடந்தேன்.

"கையில குடை இருக்குல்ல? விரிங்க."

"பரவாயில்ல சார், சின்னத் தூத்தல்தான்."

சாலையில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அவரே கையை நீட்டிக் குடையை விரித்தார். மத்தியானமே உள்ளே போட்டு வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவர் இரண்டும் மீட்டரும் அவர் காலடியில் விழுந்தன.

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நீங்க முதலாளிகிட்ட சொல்லி என்னய மதுரைக்கே அனுப்பிருவீங்கன்னுதான் நெனச்சேன். ஊர்லருந்து கொண்டாந்த துணிப்பெட்டிய இன்னும் பிரிக்கல," என்றார். அப்புறம் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வெள்ளனே எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துருங்க," என்றார்.

எடுத்துவந்தேன். குறடு மட்டும் வரவில்லை. அதை மனைவி கொடுக்க மறுத்துவிட்டாள்.