ஸ்கேனுக்கு முன் ஒரு டீ

சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது என்று அக்கா சொல்ல, பித்தப்பையில் கல்லாக இருக்கலாம் என்று எஸ்டேட் கிளினிக்கில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து நான் துணைக்கு வந்தேன். வலி கொடுக்கிற கல்லென்றால் பையையே எடுத்துவிடுவார்கள். அதன்பின் சில வாரம் அவள் தேயிலைக் கொழுந்து கிள்ள மலை ஏறக் கூடாது. என் வீட்டில் கீழறை காலியாகத்தான் இருக்கிறது. எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் வந்து தங்கியதில்லை.

ஸ்கேன் திரையைப் பார்த்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?”

“ஒண்ணும் இல்ல டாக்டர், பட்டினிதான். டீ மட்டும் குடிச்சேன்.”

“பால் ஊத்தியா?”

“பின்ன? பால் இல்லாம அது என்ன டீ லா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இந்த மலையில டீய யாரும் சாப்பாடா நெனைக்கிறதே இல்ல.” பால் உள்ளே போனதும் பை பித்தத்தைப் பிழிந்துவிட்டுச் சுருங்கிவிடுமாம். சுவர் தடித்துத் தெரிவது நோயின் வீக்கமா, வெறும் சுருக்கமா என்று அப்போது சொல்ல முடியாது. மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

அதனால், அன்றே பஸ் ஏற வேண்டிய நான் எஸ்டேட் லயத்தில் அக்காவின் வீட்டில் தங்கினேன். ரசம் வைத்தாள். மூடுபனி தேயிலைச் சரிவை வரிசை வரிசையாக மறைப்பதை வாசலில் உட்கார்ந்து பார்த்தோம்.

“ஆபரேஷன்னா எங்கூட வந்து இரு, அக்கா.”

“இல்லன்னா?”

“இல்லன்னாலும் வா.”

“பாக்கலாம்டா.”

மறுநாள் பை நிரம்பியிருந்தது. சுவர் மெலிதாகவே இருந்தது. உள்ளே ஒரு புள்ளி. டாக்டரம்மா அக்காவை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். புள்ளி அசையவில்லை.

“கல்லுன்னா உருளும், பின்னால நிழல் விழும். இது சுவத்துல ஒட்டியிருக்கிற குட்டிச் சதை. பாலிப்னு சொல்வோம்.” ஒரு சென்டிமீட்டரை எட்டினால் எடுத்துவிடுவார்கள், இது அதில் பாதிகூட இல்லை. ஆறு மாதம் கழித்து வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கனத்துக்கு இரைப்பை மருந்து கொடுத்தார்.

“அப்ப நாளைக்கு வேலைக்குப் போலாம்” என்றாள் அக்கா.

நல்ல செய்திதான். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பஸ் நிலையத்தருகே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் டீ குடித்தோம்.

“அடுத்த ஸ்கேனுக்கு முந்தி டீ குடிக்காதன்னு நீதான் போன் போட்டுச் சொல்லணும், தம்பி.”

சரி என்றேன். பஸ் வளைவுகளில் இறங்கும்போது, சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.