கிளிசரின் போடாத கண்கள்

சாம்பிராணிப் புகை கிளம்புவதற்கு முன்பே காவேரியக்கா பிணத்தின் காலடியில் இடம் பிடித்துவிடுவார். பிணமாகப் படுத்திருப்பவர் டீ குடிக்க எழுந்து போனாலும் இவர் நகர மாட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொண்டையைத் தளர்த்திக்கொண்டு, "இன்னா ரைட்டரே, இந்தம்மா எப்ப சாவுது? சோத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று என்னைக் கேட்பார்.

டி.வி. தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கோடம்பாக்கத்தில் சாவுக் காட்சி என்றால் துணை நடிகர்களில் முதலில் காவேரியக்காவுக்குத்தான் போன் போகும். கதாநாயகிக்கே கிளிசரின் தேவைப்படும்போது, இவருக்கு 'ஆக்‌ஷன்' என்ற ஒரு சொல் போதும், பொலபொலவென்று கொட்டும். என் வசனத்தைக் கேட்டு உண்மையாக அழுத ஒரே ஜீவன் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

யாரை நினைத்து அழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரையும் நெனைக்க மாட்டேன். பொணத்தோட காலப் பாப்பேன். மூஞ்சிக்குத்தான் மேக்கப்பு போடறாங்கோ, கால்ல வெடிப்பு அப்டியே கீது. நாளெல்லாம் நின்னுக்கினு இருந்த காலு. பாத்தாலே வந்துரும்."

அவருக்கு ஒரே எதிரி தும்மல்தான். ஷூட்டிங் வீட்டுத் தூசியும் சாம்பிராணியும் சேர்ந்தால் அடுக்கடுக்காகத் தும்முவார். ஒப்பாரிக்கு நடுவே அவர் போட்ட ஒரு தும்மலில் பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. தன் வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் ஒரு அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டார், நின்றது. அன்றிலிருந்து தினமும் ஒன்று. கைப்பையில் வெற்றிலை, சீப்பு, ஊசிநூலோடு அந்த மாத்திரை அட்டையும் எப்போதும் இருக்கும். செட்டில் யார் தும்மினாலும் பிறந்தநாள் மிட்டாய் போல ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பார். அப்படி நானும் இரண்டு தின்றிருக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு காட்சியில் கேமரா அவர் முகத்தருகே வந்து நின்றது. குரல் அழுதது, உதடு துடித்தது, கண் மட்டும் வறண்டு கிடந்தது.

"மண்ண வாரிப் போட்ட மாரி உறுத்துது ரைட்டரே. ஆனா தண்ணி வரல" என்றார். மானத்தை விட்டுக் கிளிசரினும் போட்டுப் பார்த்தார். எரிச்சலில் கண் சிவந்து வீங்கியதுதான் மிச்சம். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் முருகையன், "கொஞ்ச நாள் பின்னாடி நில்லுக்கா, கூட்டத்துல தெரியாது" என்றார்.

அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு காவேரியக்கா கேட்டார். "எனக்கு மனசு கல்லாப் பூடுச்சா? பொய்ச் சாவுக்கெல்லாம் அழுது தீத்துட்டேனா? நாளைக்கு நெஜமா ஒர்த்தர் பூட்டா இன்னா பண்ணுவேன்?"

மறுநாளே தியாகராய நகரில் கண் டாக்டர் வஜீஹாவிடம் அழைத்துப் போனேன். கீழிமைகளில் மெல்லிய காகிதத் துண்டுகளைச் செருகிவிட்டுக் காத்திருந்தார் டாக்டர். காகிதத்தில் ஈரம் ஏறவே இல்லை.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா. சுகர் இல்ல, பிரஷர் இல்ல."

அப்போதுதான் அங்கிருந்த நர்ஸ் தும்மினார். காவேரியக்காவின் கை தானாகப் பைக்குள் போயிற்று. "இந்தா கண்ணு, ஒண்ணு போட்டுக்கோ. நான் டெய்லி போடறேன், மூக்கு கம்முனு கீது."

டாக்டர் எட்டி அந்த அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "மாத்திரையே இல்லன்னீங்களே?"

"இது தும்மலுக்குப் போடறதும்மா! இது ஒரு மாத்திரையா?"

"மூக்கைக் காயவைக்கிறது கண்ணை மட்டும் சும்மா விடுமா? எல்லாருக்கும் இப்படி ஆகாது, உங்களுக்கு ஆயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கருவிழியே புண்ணாயிருக்கும்" என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தச் சொன்னார், தும்மலுக்கு வேறு டாக்டரைக் கைகாட்டினார், கிளிசரின் பக்கமே போகக்கூடாது என்றார். கண் பழையபடி ஆகும்வரை ஊற்றிக்கொள்ளச் செயற்கைக் கண்ணீர் என்று ஒரு சொட்டு மருந்தையும் எழுதிக் கொடுத்தார். காவேரியக்காவுக்கு முகம் சிறுத்துவிட்டது. படியிறங்கும்போது, "எனக்கே டூப்பா?" என்றார்.

மாத்திரையை விட்டதும் திரும்பி வந்தது தும்மல்தான். மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரே அதை ஓரளவு அடக்கியது. கண்ணீர் வருகிற வழியாக இல்லை. அதற்குள் தொடரில் ஒரு பெரியம்மாவைச் சாகடிக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது, எழுதியதும் நான்தான். இந்தத் தடவையும் வராவிட்டால் முன்வரிசைக்கு நிரந்தரமாக வேறு ஆள் என்று முருகையன் சொல்லிவிட்டார்.

ஷூட்டிங் அன்று காலையில் வந்தபோதே காவேரியக்கா கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார். தொண்டையில் இறங்கிக் கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். 'ஆக்‌ஷன்' என்றார்கள். நான் மானிட்டரைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'கட்' கேட்டு நிமிர்ந்தபோது அவர் கன்னத்தில் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. மருந்தா, சொந்தமா? எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. டிஷ்யூவோடு ஓடிவந்த மேக்கப் பெண்ணை ஒரு கையால் தடுத்து நிறுத்திவிட்டு, அந்த ஈரம் உதட்டோரம் இறங்கி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார் காவேரியக்கா. பிறகு கசக்கிறதா என்று நாக்கு நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. பெரியம்மா எழுந்து டீ குடிக்கப் போன பிறகும் அவர் கன்னத்தைத் துடைக்கவில்லை.