மூன்றாம் தூணுக்கு ஊற்றிய தண்ணீர்

ஓடைப் பாலத்தின் மூன்றாம் தூணுக்குள் அப்பா நிற்கிறார் என்று ஒரு குடும்பம் நம்பியது. கோவில்பட்டியில் அந்தக் கான்கிரீட் பாலம் எழும்பியபோது கம்பி கட்டப் போனவர், தூண் வார்த்த அன்று வீடு திரும்பவில்லை. பாலம் நிலைக்க ஓர் ஆளைப் பலி கேட்கும் என்ற பேச்சு அப்போது ஊரில் இருந்தது. அவருடைய மனைவி சண்முகத்தாய் அதை ஏற்றுக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்த மகள் முருகேஸ்வரி அந்தப் பேச்சுக்குள்ளேயே வளர்ந்தாள்.

1. முதல் ஆய்வு

உதவிப் பொறியாளராக நான் அந்தப் பாலத்தைப் பார்வையிடப் போனது ஒரு சித்திரை மாத உச்சி வேளையில். ஓடை வறண்டு, கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. மேலே லாரி கடக்கும்போதெல்லாம் மூன்றாம் தூணின் அடியிலிருந்து, தொண்டை வறண்ட ஒருவர் பேச முயல்வது போன்ற சத்தம் வந்தது. குனிந்து பார்க்கப் போனேன்.

"அங்கன மிதிக்காதீங்கம்மா. அவிய நிக்காவ."

இடுப்பில் குடத்தோடு வந்த சண்முகத்தாய், தூணைச் சுற்றித் தண்ணீரை ஊற்றினார். மண் குடிக்கும் வரை காத்திருந்தார். அதன் பிறகு கடந்த லாரிக்குச் சத்தம் எழவில்லை.

"தாகம். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

உடன் வந்த மேஸ்திரி சிரித்தார். "மூணாம் தூணுக்கு நம்ம ஆபீஸ்ல மெயின்டனன்ஸே போட வேண்டாம் மேடம். அக்கா பாத்துக்கிடுதாவ."

2. காரணம்

கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். அந்தப் பாலத்தின் ஃபுட்டிங், அதாவது அடித்தளம், பாறை வரை இறங்காமல் அந்த மண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. கோடையில் மண் தூணை விட்டு விலகும். அந்த இடைவெளியில்தான் அதிர்வு சத்தமாக மாறியது. தண்ணீர் பட்டதும் மண் பருத்துத் தூணைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவுதான் விஷயம்.

ஒருமுறை சண்முகத்தாய் காய்ச்சலில் படுத்தபோது, சத்தத்துக்குப் பயந்து மக்கள் பாலத்தில் நடக்கத் தயங்கினார்கள். டீக்கடையில் குடம் வாங்கி நானே ஊற்றினேன். காரணம் தெரிந்திருந்தும், என் வாய் தன்னால் "போதுமா?" என்று கேட்டது. வெயில் சாய்வதற்குள் சத்தம் அடங்கியது.

ஆனால் வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஊறிய மண், அந்தத் தூணை மட்டும் மேலே தள்ளியிருந்தது. மேல் ஸ்லாபில் விரிசல் ஓடியது. பாலத்தை இடிக்க உத்தரவு வந்தது.

3. உடைத்த நாள்

தூணை உடைக்கும்போது தானும் இருக்க வேண்டும் என்று மட்டும் சண்முகத்தாய் கேட்டார். மகளோடு கரையில் உட்கார்ந்திருந்தார். பிரேக்கர் இயந்திரம் கான்கிரீட்டை உரித்தது. உள்ளே ஜல்லியும் கம்பிக்கூடும் தவிர எதுவும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இதற்குள் இல்லை என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்தேன்.

அவர் இறங்கி வந்து, கம்பிகளைப் பிணைத்திருந்த கட்டுக்கம்பி முடிச்சுகளை விரலால் தடவினார். கம்பி கட்டிய நாட்களில் சித்தாளாக நின்று, கணவருக்குக் கட்டுக்கம்பி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"இடது கைக்காரவிய. முறுக்கு மாறி இருக்கும், பாருங்க." கீழிருந்து உச்சி வரை எல்லா முடிச்சுகளும் மாறியே முறுக்கப்பட்டிருந்தன. அவர் வெகுநேரம் உச்சியையே பார்த்தார்.

"வேலைய முடிச்சிட்டுத்தான் எங்கள விட்டுட்டுப் போயிருக்காவ" என்றார். பிறகு, மகளுக்கும் கேட்காத குரலில், "இதுக்குள்ள இருந்திருக்கலாம்."

புதுப் பாலத்துக்குப் பைல் என்னும் ஆழத் தூண்களைப் பாறை வரை இறக்கினோம். மண் என்ன செய்தாலும் அது அசையாது. ஒரு தூணை உடைத்தால் அதில் சாய்ந்திருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று எந்த டிசைனிலும் போடுவதில்லை. இளம் பொறியாளர்கள் அதை நேரில் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்முகத்தாய் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை. முருகேஸ்வரி இருக்கிறாள். உச்சி வேளையில் குடத்தோடு ஓடைக்குள் இறங்குகிறாள். தண்ணீர் ஊற்றுவதில்லை. சத்தமே வராத புதுத் தூணில் காதை வைத்து, ஒரு லாரி கடக்கும் வரை நிற்கிறாள்.