இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் வீடு

அக்காவுக்குப் புது வேலையில் இன்று முதல் நாள். ஆபீஸ் லேப்டாப் இன்னும் கோவில்பட்டி வந்து சேரவில்லை. பள்ளிக்கூட நாளில் அப்பா வாங்கித் தந்த கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய விபிஎன் போட்டேன். கனெக்ட் ஆகவில்லை.

"ஏலே, பத்து மணிக்கு மீட்டிங். மொத நாளே உள்ள வரலன்னா என்னய என்ன நெனப்பாவ?"

"கத்தாதக்கா. பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

பாஸ்வேர்டு சரி, நெட் சரி. அழித்துவிட்டு மறுபடி போட்டும் அதே பிழைதான். கடைசியில்தான் திரை மூலையில் தேதியைப் பார்த்தேன். உள்ளே தேதியைக் காக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டதால், பெட்டி அதை வாங்கிய வருடத்துக்கே போயிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்ட வருடம்.

தேதி தப்பாக இருந்தால் விபிஎன் உள்ளே விடாது. மாற்றியதும் கனெக்ட் ஆனது. மீட்டிங்கில் அக்கா பேர் சொல்லும் நேரம், கழுகுமலைப் பக்கம் இடி உறுமியது.

இடி கேட்டால் வீட்டில் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது அம்மாவின் பழக்கம். அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிளக்கில் கை வைத்துவிட்டாள்.

"எம்மா!"

இருவரும் ஒன்றாகக் கத்தினோம். அப்போதெல்லாம் கேம் பாதியில் இருக்கும்போது கத்துவோமே, அதே கத்தல். மைக் ஆனில் இருந்தது.

அந்தப் பக்கம் மேனேஜர் சிரித்தார். "எங்க வீட்லயும் இப்படித்தாம்மா."

மழை விடும்வரை பிளக்கை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பிடுங்கியிருந்தால் தேதி மறுபடி அந்த வருடத்துக்கே போயிருக்கும். அக்காவுக்கு இந்த வேலை மட்டும் இல்லையென்றால், பிடுங்கட்டும் என்று விட்டிருப்பேன்.

உங்கள் வீட்டில் பிளக்குக்கு யார் காவல்?