மேரி அக்காவின் முதல் நிமிடம்

மேரி அக்கா இறந்துபோன செய்தி எனக்குக் கிளினிக்கில்தான் கிடைத்தது. ரெம்பாவ் கடைவரிசையில், பதினெட்டு வருடம் அவர் உட்கார்ந்திருந்த அதே கவுன்டருக்கு எதிரே, கையில் நாற்பத்திரண்டாம் நம்பரோடு காத்திருந்தேன். இப்போது அங்கே இருக்கும் பெண் கைப்பேசியை வைத்துவிட்டு, "ஆன்ட்டி, பழைய மிஸ்ஸி தவறிட்டாங்களாம். காலையில குளிக்கப் போன எடத்துல விழுந்துட்டாங்களாம்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான்கு மாதமாக என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அன்று போயிருந்தேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சுகர் மருந்து முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார். "ஆமா டாக்டர்" என்றேன். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாம் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிட்டாலும் அவர் நர்ஸ் இல்லை. ஐசி அடையாள அட்டையை வாங்கி, பெயரைப் பதிந்து, நம்பர் கொடுக்கிறவர். பெரிய தொண்டை. சிரிப்பு அபூர்வம். வரிசையில் முந்தப் பார்த்தவர்கள் யாரும் அவரிடம் தப்பித்ததில்லை. இதற்கெல்லாம் மேல் அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. பல்வலி என்று வந்தால்கூட, "வாங்க, நிறை பாக்கணும்" என்று மூலையில் இருந்த தராசுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பல்லுக்கும் நிறைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் முணுமுணுப்போம்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. என் கணவர் அப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கால் வீக்கத்துக்காக மூன்றாவது முறை வந்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனவர், நான் கைப்பையை மூடுவதற்குள் வெளியே வந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "இதென்னா டாக்டர் பாக்குறதா, கோழிக்கு ஊசி போடுறதா? மூஞ்சிய நிமுந்துகூட பாக்க மாட்டாரா?" என்று பெஞ்சே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அக்கா கடைசிவரை கத்தவிட்டார். பிறகு கேட்டார்: "முடிஞ்சிதா? அவருக்கு ஆளுக்கு மூணு நிமிசம். வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. அத நீட்ட என்னாலயும் முடியாது, ஒன்னாலயும் முடியாது. ஆனா மொத நிமிசம் நம்மளோடது லா. அத என்னா பண்ணீங்க?"

என் கணவரைத் தராசில் ஏற்றி, தாழ்ந்த குரலில், "அண்ணே, உள்ள போயி என்னா சொன்னீங்க?" என்றார்.

"கால் ஒளைச்சல்னு சொன்னேன்."

"வாசல்லேருந்து பெஞ்சுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு வாட்டி நின்னு மூச்சு வாங்குனீங்களே. வீட்டுல எத்தன தலவாணி வச்சிப் படுக்குறீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "அவரு எங்க படுக்குறாரு? டிவியில பந்து பாக்குறேன்னு நாக்காலியிலேயே தூங்கிடுறாரு."

என் கணவர் தராசின் முள்ளைப் பார்த்தபடி சொன்னார்: "பந்துக்காக இல்ல. படுத்தா மூச்சு முட்டுது."

இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது புதுச் செய்தி. அக்கா அவருடைய நோயாளிக் கார்டை எடுத்து மறுபடி அடுக்கின் மேலே வைத்தார். "திரும்ப உள்ள போங்க. கால மறந்துருங்க. படுத்தா மூச்சு முட்டுது, அதான் மொத வார்த்த." இந்த முறை கதவு திறக்க வெகுநேரம் ஆனது. அவர் வெளியே வந்தபோது கையில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் இருந்தது. இருதயம். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இதை எழுதும்போது அவர் வாசலில் எங்கள் காடியின் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுல்தான் பாயின் கதையை அவரே சொல்லக் கேட்டிருப்பீர்கள். இருமல் மருந்து வாங்க வந்தவரைத் தராசில் நிறுத்தி, "பாய், பெல்ட்டுல ஆணியால புது ஓட்ட போட்டிருக்கீங்களே, எப்ப போட்டது?" என்று கேட்டாராம் அக்கா. "இதெல்லாமாம்மா பாப்பே நீ?" என்று பாய்க்குக் கூச்சம். "இருமல அப்புறம் சொல்லுங்க. மொதல்ல பெல்ட்டச் சொல்லுங்க" என்று உள்ளே அனுப்பினார். நுரையீரலில் காசம். மருந்து சாப்பிட்டுத் தேறிய நாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு அக்காவுக்குப் பாய் கடையிலிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரும். "சீனிய அள்ளிக் கொட்டி என்னையும் நோயாளி ஆக்கப் பாக்குறாரு" என்று திட்டிக்கொண்டே குடிப்பார்.

பெல்ட்டின் ஓட்டையைப் பார்க்க எத்தனை பேருக்குக் கண் வரும்? எனக்கு வராது. நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடலாமே என்று ஒரு முறை கேட்டேன். "நான் சொன்னா அது வம்பு, சரசு. அவங்களே சொன்னாத்தான் அது வியாதி" என்றார்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சுவாவில் அவர் பிறந்த தோட்டத்தில், நம் எல்லாத் தோட்டங்களையும் போலவே, காலையில் ஆள் எண்ணப் பெரட்டு நடக்கும். உடம்பு முடியாதவர்கள் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும். "எங்கம்மாவுக்கு மாசக்கணக்கா ரத்தம் போய்க்கிட்டு இருந்திச்சி. அத்தன ஆம்பளைங்க நிக்கிறப்ப எப்படிச் சொல்லுவாங்க? தலவலின்னாங்க. தலவலி மாத்திரதான் குடுத்தாங்க. தலவலின்னு சொல்லிச் சொல்லியே போய்ட்டாங்க." சொல்லிவிட்டு அக்கா கார்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

எங்கள் தோட்டத்தில் பெரட்டு நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. மண்டோரும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை. ஆனாலும் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாம் காய்ச்சல், தலைவலி, கால் உளைச்சல் என்று சபையில் சொல்லக்கூடிய வியாதிகளைத்தான் சொல்கிறோம். டாக்டர் நேரம் தருவதில்லை என்று ஊர் முழுக்கத் திட்டினேனே, தந்த நேரத்தில் நாம் என்ன சொன்னோம் என்று அந்தக் கவுன்டர் அக்கா ஒருவர்தான் யோசித்திருக்கிறார்.

அவரும் தப்புச் செய்தவர்தான். ஆரம்பத்தில் இதையெல்லாம் பெஞ்சில் வைத்தே, அந்தப் பெரிய தொண்டையில் கேட்பாராம். கல்யாணமாகாத ஒரு பெண் கூனிக் குறுகி எழுந்து போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. "நானே பெரட்டு நடத்திட்டேன் பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் மூலைக்குத் தராசு வந்தது.

அவர் ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் நான் இரண்டே முறைதான் போய்ப் பார்த்தேன். அதற்கு நான் வெட்கப்படுகிறேன். சுவா தேவாலயத்தில் நடந்த அடக்கத்துக்குப் பாதி ரெம்பாவ் வந்திருந்தது. சுல்தான் பாய் கடையை மூடிவிட்டு வந்து வாசலில் நின்றார். அக்காவின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாசமாவே தல சுத்துது, கை மரத்துப் போவுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்கக்கா. டாக்டரப் பாருங்கன்னா, வயசானா அப்படித்தான்னாங்க" என்றார்.

ஊரையே தராசில் ஏற்றிக் கேட்டவரை ஏற்றிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. இரண்டு முறை போனேனே, என்ன அக்கா செய்கிறது என்று நானாவது கேட்டேனா? என் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது காடியில் என் கணவரிடம் கட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். பிறகு, "நாளைக்கே போறோம்" என்றார்.

மறுநாள் டாக்டர் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "மருந்து இப்பத்தானம்மா வாங்குனீங்க?" என்றார். நான் உட்காரக்கூட இல்லை. "டாக்டர், மார்ல கட்டி இருக்கு. நாலு மாசமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். களைத்த முகம். "உக்காருங்கம்மா. அவசரமில்ல. சொல்லுங்க" என்றார்.

வியாழக்கிழமை சிரம்பானில் பரிசோதனை. என்ன வரும் என்று தெரியாது. பயம் போகவில்லை, ஆனால் அதை இப்போது நான் ஒருத்தி மட்டும் சுமக்கவில்லை.

அக்காவிடமிருந்து ஒரு கேள்வியை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அன்று டாக்டர் சிரம்பானுக்குக் கொடுத்த லெட்டரோடு வெளியே வந்தபோது, பெஞ்சில் ஒரு அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டு, கண்ணை மட்டும் எங்கோ வைத்துக்கொண்டிருந்தார். என் கணவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன். அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி, "உள்ள போயி மொதல்ல என்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.